ஒரே குழாய் வைத்த தொட்டி

பிவிசி பைப் ஒட்டுகிற பசையின் வாசனை... மூக்கில் ஏறினால் தலை லேசாகச் சுற்றும். என் முதல் வேலையை நினைத்தால் அந்த வாசனைதான் முதலில் வருகிறது.

2003-ஐ ஒட்டிய வருடங்கள். பாலாறு வெறும் மணலாகக் கிடந்தது. வீட்டுக்கு வீடு மழைநீர் சேகரிப்பு வைத்தே ஆக வேண்டும் என்று அரசு சொல்லிவிட, காஞ்சிபுரத்தில் எங்கள் கான்ட்ராக்டருக்கு மூச்சுவிட நேரமில்லை.

நான் டிப்ளமோ சிவில் முடித்துவிட்டு, தேனிப் பக்கமிருந்து தனியாக வந்திருந்த பெண். அளவெடுப்பது, வேலையை மேற்பார்வையிடுவது என் பொறுப்பு. ஐயம்பேட்டையில் ஒரு மாடி அறை. யாரையும் தெரியாது. ஞாயிற்றுக்கிழமைகளில் என் குரலை நானே கேட்காமல் பொழுது சாயும்.

பிள்ளையார்பாளையத்தில் ஒரு நெசவாளர் வீடு. நீளமான ஓட்டு வீடு. அண்ணனும் தம்பியும் சண்டை போட்டு, நடுவில் சுவர் எழுப்பிப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். பேச்சே கிடையாது. பின்கட்டில் ஒரே ஒரு அறை மட்டும் பொதுவில் நின்றது. அதில் இருவருக்கும் மூத்தவரான சகுந்தலா அக்கா இருந்தார்.

கணவர் இறந்த பிறகு பிறந்த வீட்டுக்கே வந்துவிட்டவர். ஒரு மாதம் பெரிய தம்பி வீட்டுச் சாப்பாடு, மறு மாதம் சின்னவர் வீட்டுச் சாப்பாடு. பிள்ளைகள் தட்டை ஜன்னலில் வைத்துவிட்டு ஓடிவிடுவார்கள்.

ஓட்டுச் சரிவு பின்பக்கம் இருந்ததால் தொட்டியும் அங்கேதான் என்பதில் சண்டை வரவில்லை. பைப்பில் வந்தது.

"தொட்டி எங்கனா இருக்கட்டும்மா. பைப்ப எங்க பக்கம் இழுத்து வுட்டுடு" என்றார் பெரியவர்.

சுவருக்கு அந்தப் பக்கமிருந்து சின்னவர் கத்தினார். "அவனுக்கு இழுத்தா எனக்கும் இழுக்கணும், சொல்லிட்டேன்!"

சரி, இரண்டு பைப் என்று முடிவு செய்துவிட்டேன். அப்போது சகுந்தலா அக்கா டீயோடு வந்தார்.

"இன்னாம்மா, ரெண்டு பைப்பா?"

"ஆமாக்கா. அவங்கவங்க வீட்டுக்குள்ளயே தண்ணி வந்துடும்."

டம்ளரை என் கையில் கொடுத்துவிட்டு, தொட்டி வரப்போகும் இடத்தைப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"ஒரே குழாயா, இந்தத் தொட்டியிலயே வெச்சுடேம்மா... தண்ணி புடிக்கவாச்சும் ரெண்டு வூட்டு ஆளுங்களும் இங்க வருவாங்க இல்ல?"

டீ ஆறிப்போகும்வரை கையிலேயே வைத்திருந்தேன்.

தம்பிகள் இருவரிடமும் தனித்தனியாகப் போய்ப் பேசினேன். "ரெண்டு பைப் போட்டா யாரு எவ்வளவு எடுக்குறாங்கன்னு தெரியாது சார். ஒரே குழாய்னா அக்கா கண்ணு முன்னாடி இருக்கும்."

பெரியவர் யோசித்தார். "ஆமாம்மா. அக்கா இருந்தா அவன் திருட்டுத்தனமா புடிக்க முடியாது." சின்னவரும் வார்த்தை மாறாமல் அதையேதான் சொன்னார், அண்ணனைப் பற்றி. தெருவுக்கு வந்துதான் சிரித்தேன்.

ஐப்பசியில் நல்ல மழை. முதல் மழை ஓட்டின் தூசியைக் கழுவட்டும் என்று வெளியே திருப்பிவிட்டு, அடுத்த மழையிலிருந்து தொட்டிக்குள் விட்டோம். சில நாள் கழித்துப் பார்க்கப் போனேன்.

பின்கட்டில் வரிசையாகக் குடங்கள். தம்பிகளின் மனைவிமார் இருவரும் ஆளுக்கொரு பக்கம் பார்த்து நின்றிருந்தார்கள். மூத்தவர் தன் மகனுக்குக் காய்ச்சல் என்று சகுந்தலா அக்காவிடம் சொன்னார். இளையவரும் அக்காவிடமேதான் சொன்னார்: "கசாயம் வெச்சுக் குடுக்கச் சொல்லுங்க அண்ணி."

அக்கா என்னைப் பார்த்ததும் சிரித்தார். "பேசிப் பேசி தொண்ட கட்டிக்கிச்சும்மா!"

அன்று சாயங்காலம் ஷேர் ஆட்டோவில் நெருக்கியடித்துக்கொண்டு ஐயம்பேட்டை வந்தேன். அறையைத் திறந்து, லைட் போடாமல் கொஞ்ச நேரம் நின்றேன். எனக்கும் யாராவது இப்படி ஒரு குழாய் வைத்துத் தந்தால் தேவலை என்றிருந்தது...

அப்புறம் கல்யாணம், கோயம்புத்தூர், குழந்தைகள். பல வருடம் கழித்து, போன வருடம்தான் பட்டு எடுக்கக் காஞ்சிபுரம் போனேன். கால் தானாக அந்தத் தெருவுக்குள் நுழைந்தது.

ஓட்டு வீடு இல்லை. பக்கத்தில் பக்கத்தில் இரண்டு மாடி வீடுகள். சின்னவரின் மருமகள் வாசலில் நின்றுகொண்டிருந்தார். நான் யாரென்று சொல்லி, அக்காவைப் பற்றிக் கேட்டேன்.

"அத்த போயி ரொம்ப நாளாவுதுக்கா" என்றார். "அவங்க இருந்த வரைக்கும் எல்லாரும் பின்னாடி போயிதான் தண்ணி புடிச்சிக்கினு இருந்தோம். உள்ளயே பைப்பு இழுத்துக்கலாம்னு நான்கூட கேட்டேன். மாமாதான் வேணாம்னுட்டாரு. 'அக்கா தனியா ஆயிடும்'னாரு."

மாமா என்றால், அன்றைக்குச் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து கத்திய அதே சின்னவர்.

பஸ் ஸ்டாண்டு வரை நடந்தே வந்தேன்.

இப்போது நாங்கள் இருக்கும் அபார்ட்மென்டிலும் மழைநீர் சேகரிப்பு உண்டு. கார் நிறுத்துமிடத்துக்கு அடியில் பெரிய தொட்டி. மோட்டார் தானே ஓடும். எதிர் வீட்டுக்காரர் பெயர் எனக்கு இன்னும் சரியாகத் தெரியாது.

போன வாரம் நல்ல மழை. வாட்ஸ்அப் குரூப்பில் 'தொட்டி நிறைந்துவிட்டது' என்று ஒரு மெசேஜ். கீழே வரிசையாகக் கட்டைவிரல்கள்.

நானும் ஒன்று போட்டேன்.