பாலத்துக்கு நேர்ந்துவிட்ட ஆடா நான்?

இரண்டாம் உலக யுத்தம் தொடங்குவதற்கு முந்தின வருஷம், ஐப்பசி மாதம். எனக்குக் கல்யாணமாகிச் சில வருஷங்கள் ஆகியிருந்தன, குழந்தை இல்லை. புகுந்த வீடு திருவெண்ணெய்நல்லூர் பக்கம், பெண்ணையாற்று ரயில் பாலத்திலிருந்து கூப்பிடு தூரம்.

அந்தப் பாலத்துக்கு ஒரு கெட்ட பேர் உண்டு. கட்டும்போது அது கேட்ட காவை வெள்ளைக்காரன் கொடுக்கவில்லையாம். அதனால் அதுவே அவ்வப்போது ஒரு பெண்ணைக் கூப்பிட்டு எடுத்துக்கொள்ளுமாம். போகிறவளைத் தடுத்தால் காவு தடுத்தவர் வீட்டுக்கு வந்துவிடுமாம். எவ்வளவு வசதியான சாமி பாருங்கள்! எவள் செத்தாலும் பாலம் கூப்பிட்டுக்கொண்டது என்று சொல்லிவிடலாம். அவள் வீட்டில் என்ன நடந்தது என்று யாரும் கேட்க வேண்டியதில்லை.

என் வீட்டில் நடந்தது பேச்சு. மலடி என்ற பேச்சு, எழுந்ததிலிருந்து படுக்கிற வரை. பல மாதமாகத் தூக்கம் போயிருந்தது, சோறு இறங்கவில்லை. அன்று ஓரகத்திக்கு வளைகாப்பு. வளையல் தட்டை எடுக்கப் போன என் கையை மாமியார் எல்லார் முன்னாலும் தட்டிவிட்டார். என் புருஷன் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். நான் புறக்கடை வழியாக இறங்கி நடந்தேன்.

ஆற்றில் வெள்ளம். நான் பாலத்தில் ஏறுவதைக் கரையில் துணி துவைத்துக்கொண்டிருந்த பெண்கள் பார்த்தார்கள். அத்தனையும் தெரிந்த முகங்கள். யாராவது ஒருத்தி பேர் சொல்லிக் கூப்பிட்டிருந்தால் திரும்பியிருப்பேன். அவர்களோ எழுந்து நின்று என்னைக் கும்பிட்டார்கள். ஒருத்தி கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

வெள்ளக் காலத்தில் கூலிக்குப் போகிறவர்கள் அக்கரை சேர அந்தப் பாலம்தான் வழி. எதிரே கரும்புத் தோகைக் கட்டோடு ஒருத்தி வந்தாள். சேரியிலிருந்து வேலைக்கு வருகிறவள். வரப்பில் எங்களைக் கண்டால் சேற்றில் இறங்கி வழிவிட வேண்டும் என்று வைத்திருந்தோம். அவள் கட்டை அப்படியே கீழே போட்டாள்.

"ஏண்டி, நீ இன்னா இந்தப் பாலத்துக்கு நேந்துவுட்ட ஆடா? அவளுங்க கும்புட்டா நீ பூடுவியா?"

எனக்காக யாரும் அவ்வளவு கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. மணிக்கட்டைப் பிடித்துத் தரதரவென்று கரைக்கு இழுத்துவந்தாள். காவு உன் வீட்டுக்கு வந்துவிடுமே என்று அழுதேன்.

"வரட்டும். கேப்பைக் கூழுதான் கீது, குடிச்சிட்டுப் போவட்டும்."

அழுகைக்கு நடுவே சிரிப்பு வந்துவிட்டது.

எங்கள் தெருவுக்குள் அவள் வரக் கூடாது, தெருமுனையிலேயே நின்றுகொண்டாள். சேதி எனக்கு முன்பே வீட்டுக்கு வந்துவிட்டிருந்தது. ஏன் போனாய் என்று மாமியார் கேட்கவில்லை. கேட்டது ஒன்றுதான்.

"அவ உன்னத் தொட்டாளா?"

தலைக்கு ஊற்றிக்கொண்டு உள்ளே வா என்று கிணற்றடியைக் காட்டினார். புருஷன் அப்போதும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். செத்திருந்தால் கும்பிட்டிருப்பார்கள். பிழைத்து வந்தேன், அது தீட்டாகிவிட்டது.

நான் குளிக்கவில்லை. வாசற்படியும் ஏறவில்லை. தெருமுனைக்குத் திரும்பிப் போய், ஸ்டேஷன் வரை துணைக்கு வருகிறாயா என்று அவளையே கேட்டேன். வண்டி வரும்வரை அவள் என்னை விட்டு நகரவில்லை. விழுப்புரத்தில் வண்டி மாறித் திண்டிவனத்தில் அம்மா வீட்டுக்குப் போனேன். அம்மா ஒன்றும் கேட்காமல் சோறு போட்டாள். எத்தனையோ நாளுக்குப் பிறகு அன்றுதான் தூங்கினேன். ஊரில் வாழாவெட்டி என்றார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும், உயிரோடு இருக்கிறவளைத்தானே சொல்ல முடியும்.

இன்றைக்கும் பாலம் காவு வாங்கிவிட்டது என்று யாராவது ஆரம்பித்தால் நான் விடுவதில்லை. அவள் எந்த வீட்டிலிருந்து போனாள், அங்கே அவளை என்ன பேசினீர்கள் என்று கேட்பேன். அப்போதெல்லாம் என் மணிக்கட்டைத் தொட்டுப் பார்த்துக்கொள்வேன். அவள் பிடித்த இடத்தைக் கழுவாமல் அந்த வாசலை விட்டு வந்தேனே, என் ஆயுசில் நான் செய்த நல்ல காரியம் அதுதான்.