கணினி ஒதுக்கிய வரிகள்

அலுவலகத்தில் எல்லோரும் அவளைக் குப்பை அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். அவளுக்கு அதில் வருத்தமில்லை. வேலையே குப்பை பார்ப்பதுதான்.

இருபது வருடம் ஒரு செய்தித்தாள் அச்சகத்தில் பிழை திருத்தியவள். அச்சகத்தை மூடியதும், நாற்பத்தொரு வயதில், விண்வெளி வானிலை மையத்தில் தற்காலிக வேலைக்குச் சேர்ந்தாள். பூமிக்கு நூறு கிலோமீட்டருக்கு மேலே, சூரிய ஒளியால் மின்னேறிக் கிடக்கும் காற்றடுக்கு ஒன்று உண்டு; அயனி மண்டலம் என்பார்கள். வழிகாட்டும் செயற்கைக்கோள்களின் சிக்னல் அதைக் கடக்கும்போது கொஞ்சம் வளையும், தாமதமாகும். எவ்வளவு என்பதை வேறு சில சின்னச் செயற்கைக்கோள்கள் அளந்து அனுப்பும். மையத்துக் கணினி தன் கணிப்பையும் இந்த அளவீடுகளையும் சேர்த்து எடைபோட்டு, பத்து நிமிடத்துக்கு ஒரு வரைபடம் போடும். கணிப்பிலிருந்து ரொம்பவும் விலகிய அளவீடு வந்தால், கருவிக் கோளாறு என்று ஒதுக்கிவிடும். ஒதுக்கியவை ஒரு பட்டியலில் வரிவரியாகச் சேரும். அந்த வரிகளைத் தினமும் காலையில் படித்து, ஒவ்வொன்றுக்கும் காரணம் எழுதிவைப்பது அவள் வேலை. அந்த நாற்காலியில் அவளுக்கு முன்னால் யாரும் ஆறு மாதம் தாங்கியதில்லை. அவள் மூன்று வருடம் தாண்டிவிட்டாள்.

அச்சகத்தில் ஒரே எழுத்துப்பிழை மூன்று நிருபர்களிடமிருந்து வந்தால், கை வைப்பதற்கு முன் அகராதியைப் புரட்டுவாள். இங்கேயும் அப்படி ஒன்று கண்ணில் பட்டது. மூன்று வெவ்வேறு செயற்கைக்கோள்கள், ஒரே நேரத்தில், ஏறக்குறைய ஒரே அளவுக்குத் ‘தப்பு’ செய்திருந்தன. பட்டியலைத் தூக்கிக்கொண்டு தலைமை விஞ்ஞானியின் அறைக்குப் போனாள்.

“கருவி கெட்டா இப்படித்தான் வரும்மா,” என்றார் அவர், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

“ஒண்ணு கெட்டா சரி சார். மூணும் பேசி வெச்சுக்கிட்டா கெடும்?”

அவர் சிரித்தார். அத்தோடு சரி.

அவள் விடவில்லை. பதினான்கு மாதப் பட்டியல்களை அச்செடுத்து வீட்டுக்குக் கொண்டுபோனாள். அவள் வீட்டுக்காரர் நகரப் பேருந்து ஓட்டுகிறவர். ஞாயிற்றுக்கிழமைகளில் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து அவர் தேதிகளை வாசிக்க, அவள் சூரியப் புயல் அடித்த நாள்களோடு ஒப்பிட்டுக் குறித்துக்கொண்டாள்.

“இத்தனை நம்பரா? எங்க டிப்போவே தேவலை,” என்று முனகிக்கொண்டே கடைசித் தாள் வரை வாசித்துக் கொடுத்தார்.

கணக்கு தெளிவாக வந்தது. புயல் நாள்கள் முப்பத்தொன்று. அதில் இருபத்தெட்டு நாள்களில் ஒதுக்கிய வரிகள் நான்கு மடங்காகியிருந்தன. புயலில் அயனி மண்டலம் நிஜமாகவே தலைகீழாக மாறியிருக்கிறது. தன் கணிப்பையே கட்டிக்கொண்டு அழுத கணினி, உண்மையைத் தூக்கிக் கடாசியிருக்கிறது.

தலைமை விஞ்ஞானி அந்தத் தாளை இரண்டு தரம் படித்தார். பிறகு எழுந்து, தானே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

“உட்காருங்கம்மா. முதல்லேர்ந்து சொல்லுங்க.”

அந்த வாரமே புது விதி ஒன்று தயாரானது: மூன்று செயற்கைக்கோள்கள் ஒத்துப்போனால் அளவீட்டை ஒதுக்கக் கூடாது. அதைத் தனியாக ஒரு சோதனைக் கணினியில் ஓடவிட்டார்கள்.

நாற்பது நாள் கழித்து, பட்டப்பகலில் புயல் வந்தது. பெரிய கணினியின் வரைபடம் அசையாமல் பச்சையாகவே இருந்தது. சோதனைக் கணினியில் தெற்குக் கடல் முழுக்கச் சிவந்துகொண்டே போனது. அங்கே, மையத்திடம் எச்சரிக்கை கேட்டு வைத்திருந்த ஒரு கப்பல் கடலடியில் கேபிள் இறக்கிக்கொண்டிருந்தது. செயற்கைக்கோள் சொல்லும் இடத்தை நம்பித்தான் அதன் எஞ்சின்கள் கப்பலை ஓரிடத்தில் பிடித்து வைத்திருந்தன.

தலைமை விஞ்ஞானி தொலைபேசியில் கை வைத்தபடி தயங்கினார். “சோதனையில இருக்கறதை வெச்சு எச்சரிக்கை குடுத்ததே இல்லம்மா. தப்பாப் போச்சுன்னா நம்ம ரெண்டு பேர் தலைதான் உருளும்.”

“இப்ப நாலு செயற்கைக்கோள் சொல்லுது சார். இதுக்கு மேல யார் வந்து சொல்லணும்?”

அவர் எண்ணைச் சுழற்றினார்.

ஒன்றேகால் மணி நேரத்தில் கப்பல் தலைவரிடமிருந்து தகவல் வந்தது. கப்பல் பதினோரு மீட்டர் நகர்ந்துவிட்டதாக அதன் திரை காட்டியது. உண்மையில் கப்பல் இம்மிகூட நகரவில்லை. எச்சரிக்கை கிடைத்ததும் வேலையை நிறுத்தி, கட்டுப்பாட்டைக் கைக்கு மாற்றியிருந்தார்கள். இல்லாவிட்டால், நடக்காத நகர்வைச் சரிசெய்கிறேன் என்று எஞ்சின்கள் கப்பலை இழுத்துக் கேபிளை அறுத்திருக்கும்.

அறையில் இருந்தவர்கள் எழுந்து நின்று கை தட்டினார்கள். அவளுக்குச் சிரிப்பு வந்தது. மாலை நான்கு மணிக்குள் அவளுடைய விதி பெரிய கணினிக்குப் போய்விட்டது. அவள் வேலையை நிரந்தரமாக்கச் சொல்லி ஒரு கடிதமும் மேலிடத்துக்குப் போனது. அதில் ஒரு ஒற்றுப்பிழை இருந்ததை அவளே திருத்திக் கொடுத்தாள்.

ஐந்தரை மணிக்கு வீட்டுக்காரர் ஓட்டி வந்த பேருந்திலேயே ஏறி, முன் இருக்கையில் உட்கார்ந்து விஷயத்தைச் சொன்னாள். வண்டியில் அநாவசியமாக வாய் திறக்காத மனிதர், அடுத்த சிக்னலில் நின்றதும் திரும்பி, பேருந்து முழுக்கக் கேட்கும்படி உரக்கச் சொன்னார்: “எங்க வீட்டம்மா இன்னிக்கு ஒரு கப்பலைக் காப்பாத்தியிருக்காங்க.”

“நீச்சல் தெரியுமாம்மா உங்களுக்கு?” என்றார் பின்னாலிருந்து ஒரு பெரியவர்.

“தெரியாதுங்க,” என்று திரும்பி உட்கார்ந்தவள், அவர் இறங்கவேண்டிய நிறுத்தம் வரை அவருக்கு அயனி மண்டலத்தை விளக்கிக்கொண்டு வந்தாள்.