ஆண்டே கிளப்

பாக்கியமேரி அக்காவின் பேச்சை எடுத்தால் எங்கள் ஊரில் இன்றைக்கும் ஒரே வார்த்தைதான் சொல்கிறார்கள். "அந்தப் பொம்பளையாலதான் தோத்தோம்." சொல்கிறவர்களில் பாதிப்பேர் அன்றைக்குப் புட்பால் ஆட்டம் பார்க்கவே வரவில்லை. நான் இருந்தேன். இரண்டு சவுக்குக் கழிகளுக்கு நடுவில் கோல் காக்கிற கோலியாக நின்று அந்தக் கோலை வாங்கியவனே நான்தான். அதனால் உள்ளதைச் சொல்ல வேண்டிய கடமை இந்த வேதகிரிக்குத்தான் இருக்கிறது. சொல்ல வெட்கப்பட வேண்டியவனும் நானேதான்.

உத்திரமேரூரிலிருந்து திருப்புலிவனம் போகிற பாதையில் பிரிந்து உள்ளே போனால் எங்கள் காரணைப்புதூர். ஏரிக்கு மேற்கே ஊர், கிழக்கே நாங்கள் இருக்கிற சேரி. பங்குனியில் ஏரி வற்றினால் அதுதான் எங்கள் மைதானம். ஆடி கடைசியில் மழை வந்து தண்ணீர் நின்றால் அந்த வருஷத்து ஆட்டம் முடிந்தது. ஐம்பத்தாறாம் வருஷம் 'நியூ ஸ்டார் புட்பால் கிளப்' என்று பேர் வைத்து ஆரம்பித்தோம். ஆனால் எங்களோடு ஆட வருகிற தென்னேரிப் பையன்கள் எங்களுக்கு வைத்த பேர் 'ஆண்டே கிளப்'. அதுதான் நிலைத்தது.

காரணம் இருக்கிறது. பந்து எங்களுடையது அல்ல. நிலக்காரர் தாண்டவராயன் வீட்டுப் பந்து. சேரியில் பாதிக்குமேல் அவர் கழனியில்தான் வேலை. நிலக்காரர்களை நாங்கள் 'ஆண்டே' என்று கூப்பிட வேண்டும். கிழவரானாலும் ஆண்டே, தொட்டிலில் கிடந்தாலும் சின்ன ஆண்டே. அவர் மகன் ராஜாராம் காஞ்சிபுரத்தில் எஸ்.எஸ்.எல்.சி. வரை படித்தான். பரீட்சை தேறவில்லை. ஒரு தோல் பந்தோடு ஊர் திரும்பினான். அவனோடு ஆட ஊருக்குள் ஆள் கிடைக்காததால் எங்களைக் கூப்பிட்டான். நாங்கள் பத்து பேர், அவன் கேப்டன். 'திரும்பினான்', 'கூப்பிட்டான்' என்று இப்போது எழுதுகிறேனே, அந்த நாளில் மனசுக்குள் நினைக்கும்போதுகூட எனக்கு 'வந்தாரு', 'போனாரு'தான்.

பாக்கியமேரி அக்கா எங்கள் அணியின் ஒரே உருப்படியான ஆட்டக்காரன் ஐசக்குக்கு உடன்பிறந்தவள். அப்போது முப்பது வயதிருக்கும். மெட்ராசுக்குத் துறைமுக வேலைக்குப் போன புருஷன் அங்கேயே வேறு குடித்தனம் போட்டுவிட்டான். அதைப் பற்றி அவள் அழுது நான் பார்த்ததில்லை. நாங்கள் தோற்றதற்கு அழுது பார்த்திருக்கிறேன். நடவுக்கு அவள்தான் முன்னே நிற்பாள். அவள் ஒரு குரல் கொடுத்தால் நாலு கழனிக்கு அந்தாண்டை இருப்பவன் நிமிர்ந்து பார்ப்பான். ஞாயிற்றுக்கிழமை கோயில் ஆராதனை முடிந்ததும் புல்லறுக்கிற சாக்கில் கூடையோடு வந்து ஏரிக்கரையில் உட்கார்ந்துவிடுவாள். ஆட்டம் முடியும்போது கூடையில் ஒரு பிடி புல் இருக்காது. பிடுங்கின புல்லெல்லாம் அவளைச் சுற்றித் துண்டு துண்டாகக் கிடக்கும்.

ஆறு வருஷம் தோற்றோம். ஒரே ஒரு ஆட்டம்கூட ஜெயிக்கவில்லை. ஒவ்வொரு தோல்விக்கும் அவள், "இனிமே இந்தக் கரைல நான் குந்துனா என்ன செருப்பாலயே அடிங்கடா" என்று சொல்லிவிட்டு எழுந்து போவாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை எங்களுக்கு முன்னால் வந்து உட்கார்ந்திருப்பாள். "ஒரு வாட்டி, ஒரே ஒரு வாட்டி நீங்க ஜெயிச்சு நான் பாத்துட்டா போதும்டா வேதகிரி, அப்பறம் உங்க பொயப்பு உங்களோட" என்று என்னிடம் எத்தனை முறை சொல்லியிருப்பாள்!

நாங்கள் ஏன் தோற்கிறோம் என்பதை முதலில் கண்டுபிடித்ததும் அவள்தான். எங்கள் பயிற்சி ஆட்டத்தில் பந்தைத் தொடலாம், சின்ன ஆண்டேயைத் தொடக்கூடாது. யாரும் சட்டம் போடவில்லை. எல்லாருக்கும் தெரியும், அவ்வளவுதான். அவன் பந்தோடு வந்தால் நாங்கள் விலகிக்கொள்வோம். கோலுக்கு அடித்தால் நான் வேண்டுமென்றே எதிர்ப்பக்கம் விழுவேன். விழுந்து எழுந்து, "ஜோரா அட்ச்சீங்க ஆண்டே" என்று பல்லையும் காட்டுவேன். இப்படியே ஆடி ஆடி, தன் காலிலிருந்து பந்தைப் பிடுங்க உலகத்தில் ஆளே இல்லை என்று அவன் நம்பிவிட்டான். ஆனால் எதிரணியில் ஆடுகிற பழையசீவரத்துக்காரனுக்கு ஆண்டேயும் தெரியாது, ஒன்றும் தெரியாது. இரண்டு எட்டில் பிடுங்கிக்கொண்டு போய்விடுவான்.

"அவன் என்னாடா பண்ணுவான்? வழி வுட்டு வழி வுட்டு நீங்கதான அவன கெடுத்து வெச்சிக்கீறீங்க" என்றாள் அக்கா.

இன்னொரு வியாதியும் உண்டு. ஐசக் ஆளில்லாத இடத்தில் நிற்பான். மற்ற ஊர்க்காரன் என்றால் "டேய், குட்றா" என்பான், பந்து வந்துவிடும். ஐசக், "ஆண்டே, கொஞ்சம் இந்தாண்ட குடுங்க ஆண்டே" என்று சொல்லி முடிப்பதற்குள் எதிராளி மூன்று பேர் வந்து நிற்பார்கள். சொல்லி முடித்தாலும் ராஜாராம் கொடுக்க மாட்டான் என்பது வேறு விஷயம்.

ஒருமுறை அக்கா வெறுத்துப்போய்க் கோயிலிலேயே ஜெபம் பண்ணினாள். சின்ன ஆண்டே ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு ஜுரத்தில் படுக்க வேண்டும், அதிகம் வேண்டாம், ஒரு நாள் போதும் என்று. கர்த்தர் கேட்டார். அந்த ஞாயிறு ராஜாராமுக்கு நல்ல ஜுரம். ஆனால் பந்து அவன் வீட்டுக்குள் இருந்தது. ஆட்டமே நடக்கவில்லை. "பந்த வெளிய வெச்சிட்டு படுக்கணும்னு கேக்காம வுட்டேனே" என்று தலையில் அடித்துக்கொண்டாள். எனக்குச் சிரிப்பு வந்தது. அவள் சிரிக்கவில்லை.

அறுபத்திரண்டு வைகாசியில் பழையசீவரத்து அணி எங்கள் ஏரிக்கு ஆட வந்தது. முதல் பாதியில் அவர்கள் ஒன்று போட்டார்கள். இரண்டாம் பாதியில் ராஜாராமுக்குத் தாகம். எங்கள் பானையில் அவன் குடிக்க மாட்டான். தனக்கென்று கொண்டுவந்த செம்பு கரைக்கு அந்தப் பக்கம் மர நிழலில் இருந்தது. அவன் போய்க் குடித்துவிட்டு வருவதற்குள் நாங்கள் பத்து பேரும் ஒருவனுக்கு ஒருவன் பந்தைக் கொடுத்து, ஐசக் ஒரு கோல் போட்டுவிட்டான். கரையில் அக்கா குலவை போட்டாள். ராஜாராம் வாயைத் துடைத்துக்கொண்டே வந்து, "யார் போட்டது?" என்றான். யாரும் சந்தோஷமாகப் பதில் சொல்லவில்லை.

முடிய இரண்டு நிமிஷம் இருக்கும். பந்து ராஜாராம் காலில். எதிரே இரண்டு பேர். இடதுபக்கம் ஐசக் தனியாக நிற்கிறான், அவனுக்கும் கோலுக்கும் நடுவில் கோலி மட்டும்தான். "ஆண்டே..." என்று ஐசக் ஆரம்பித்தான்.

அப்போதுதான் கரையிலிருந்து அந்தக் குரல் வந்தது.

"டேய் ராஜாராமு! ஐசக்காண்ட குட்றா! வுட்றா பந்த!"

ஏரி முழுக்கக் கேட்டது. ராஜாராம் அப்படியே நின்றான். பந்தை விட்டுவிட்டுக் கரையைத் திரும்பிப் பார்த்தான். எங்கள் ஆட்கள் எல்லாரும் கரையைப் பார்த்தார்கள். பழையசீவரத்துக்காரனுக்கு அதில் பார்க்க என்ன இருக்கிறது? பந்தை எடுத்துக்கொண்டு ஓடிவந்தான். ஒருவரும் தடுக்கவில்லை. நான் தடுத்திருக்கலாம். அவன் மெதுவாகத்தான் அடித்தான். ஆனால் பந்து என்னைத் தாண்டிப் போனபோது நானும் கரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. அக்கா வாயால் தோற்றோம் என்று ஊர் சொன்னபோது நானும் தலையாட்டினேன்.

ராஜாராம் பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டான். அந்த வருஷம் தாண்டவராயன் கழனி நடவுக்கு அக்காவைக் கூப்பிடவில்லை. அவள் தென்னேரிப் பக்கம் நடந்துபோய் வேலை தேடினாள். அதைக்கூடத் தாங்கிக்கொண்டாள். கிளப்புக்குப் பந்து இல்லாததைத்தான் தாங்கவில்லை. பையன்கள் அவளைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். ஐசக் தன் அக்காவோடு பேசுவதையே நிறுத்திவிட்டான்.

அடுத்த பங்குனியில் ஏரி வற்றியது. கிளப் செக்ரட்டரி ஏகாம்பரம் மாமா என்னையும் கூட்டிக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனார்.

"ஒரு வார்த்த தப்புன்னு சொல்லிட்டு வந்துடும்மா. இன்னா கொறஞ்சிடப் போவுது? வேலையும் கெடைக்கும்" என்றார்.

அக்கா, "வேலைக்காவ நான் வரமாட்டேன் மாமா. பந்துக்காவ வரேன்" என்றாள்.

தாண்டவராயன் வீட்டுத் தோட்டத்து வாசலில் போய் நின்றோம். அதற்கு மேல் எங்களுக்கு வழி இல்லை. ராஜாராம் வெளியே வந்தான்.

"அன்னிக்கி இன்னா சொல்லிக் கூப்ட்ட?"

"'டா'ன்னு கூப்ட்டேன் ஆண்டே."

"இப்ப கூப்பிடு, பாப்போம்."

"தப்பு ஆண்டே. வாய் தவறிடுச்சி ஆண்டே. மன்னிச்சிடுங்க ஆண்டே."

தரையில் விழுந்தாள். அவன் உள்ளே போய்ப் பந்தைக் காலாலேயே உருட்டிவிட்டான். அது அவள் தலைப்பக்கம் வந்து நின்றது. எழுந்து முந்தானையால் துடைத்து, பந்தை மார்போடு அணைத்துக்கொண்டு சேரி வரை நடந்தாள். பையன்கள் பந்தைப் பார்த்ததும் விசில் அடித்தார்கள். அவள் கையிலிருந்து வாங்கியவன்கூட அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

வைகாசியில் தென்னேரி அணி வந்தது. அக்கா பழைய இடத்தில் வந்து உட்கார்ந்தாள். முந்தானையின் நுனியைச் சுருட்டி வாயில் வைத்துக் கடித்துக்கொண்டிருந்தாள். ஆட்டம் பூஜ்யத்துக்குப் பூஜ்யமாகப் போனது. கடைசி நேரத்தில் அதே கதை. பந்து ராஜாராம் காலில், எதிரே இரண்டு பேர், ஐசக் தனியாக. ஐசக் வாயைத் திறந்தான். சத்தம் வரவில்லை. அவன் திரும்பிக் கரையைப் பார்த்தான். நானும் பார்த்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், பத்து பேரும் பார்த்தோம். யாரைத் திட்டித் தீர்த்தோமோ, அவள் இன்னொரு தடவை கத்தமாட்டாளா என்று பார்த்தோம்.

அக்கா வாயிலிருந்து முந்தானையை எடுக்கவில்லை. தென்னேரிக்காரன் பந்தைப் பிடுங்கினான். ஒன்றுக்குப் பூஜ்யம்.

எல்லாரும் போன பிறகு நான் கரையேறி அவளிடம் போனேன். அன்றைக்கு அவள் கூடை நிறையப் புல் இருந்தது.

"ஏங்க்கா ஒரு கொரல் குடுக்கல? நீ கத்தியிருந்தா குடுத்துருப்பாருக்கா" என்றேன். கேட்கும்போதே நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம்போல இருந்தது.

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"பத்து ஆம்பளைங்க கீறீங்க. ஒருத்தன் வாயிலகூடவா ஒரு 'டா' வராது? கத்தறதுக்கும் நானு, அப்பறம் போயி கால்ல வுயறதுக்கும் நானா?"

கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு இறங்கிப் போனாள். இனிமேல் வந்தால் செருப்பால் அடியுங்கள் என்று இந்தத் தடவை சொல்லவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கரையில் அவள் இடம் காலியாக இருந்தது. அதற்குப் பிறகு அவள் வரவே இல்லை. அந்த ஞாயிற்றுக்கிழமையும் நாங்கள் தோற்றோம், நாலுக்குப் பூஜ்யம். யாரால் தோற்றோம் என்று ஒருவரும் பேசவில்லை.