பாஞ்சாலையின் கையெழுத்து

விருத்தாசலம் ஜங்ஷனைத் தாண்டி, பீங்கான் சூளைகளின் புகை வந்து விழும் தூரத்தில் இருந்தது கருவேலம்பேட்டை. அங்கே ஒரு பஞ்சாயத்து போர்டும் இருந்தது, ஏழு ஆண்கள் கூடி டீ குடிப்பதற்கு. 1965 தேர்தல் முடிந்ததும், பெண் ஒருத்தியையும் உறுப்பினராகச் சேர்த்தாக வேண்டும் என்று மேலிடத்திலிருந்து காகிதம் வந்தது. தலைவர் ராஜாங்கத்துக்கு மரவாடி இருந்தது, அதைவிடப் பெரிதாகக் காரியப் புத்தியும் இருந்தது. வாயில்லாப் பூச்சியாக ஒருத்தியைத் தேடிப் பிடித்தார். அவள் செராமிக் கம்பெனியில் களிமண் சுமக்கும் பாஞ்சாலை.

பாஞ்சாலைக்கு அப்போது முப்பத்தைந்து வயது. புருஷன் வேப்பூர்ப் பக்கம் லாரி ஏறிப் போனவன், போனவன்தான். போர்டு, மீட்டிங்கி என்றதும் முடியாது என்றுதான் சொல்ல இருந்தாள். பக்கத்து வீட்டு ஆராயிதான் விடவில்லை.

"போடி இவளே. நம்ம கொழாய்க்குன்னு பேச ஒரு ஆளு வேணாமா? நீ போயி சொல்லு, இன்னும் ஒரு மணி நேரம் கூட தண்ணி வுடச் சொல்லு."

அந்தத் தெருவில் அறுபது வீட்டுக்கு ஒரே குழாய். சாயங்காலம் ஒரு மணி நேரம் தண்ணீர் வரும். பெண்களில் பாதிப் பேர் காலையிலேயே கம்பெனிக்குப் போய்விடுவார்கள். குடத்தை வரிசையில் வைத்துவிட்டுப் போனால் குடமே போய்விடும். அதனால் ஆளுக்கொரு பீங்கான் ஒடிசலை வைத்துவிட்டுப் போவார்கள். சூளையில் வெடித்து, விலை போகாது என்று கொட்டிய சாமான்தான். ஆராயிக்கு மூக்குடைந்த கெட்டில், பாஞ்சாலைக்கு ஓரம் பிளந்த ஊறுகாய் ஜாடி மூடி. எது யாருடையது என்று தெருவுக்கே தெரியும். முகத்தில் விழிக்காத பகையாளியின் ஒடிசலைக்கூட யாரும் நகர்த்த மாட்டார்கள். சாயங்காலம் வந்து அவரவர் ஒடிசல் இருக்கும் இடத்தில் குடத்தை வைப்பார்கள். கடைசிப் பத்துக் குடத்துக்குத் தண்ணீர் எட்டாது. கூச்சல் கிளம்புவது அப்போதுதான். ராஜாங்கம் புதிதாகக் கட்டிய மாடி வீடு அந்தக் குழாயடிக்கு நேர் எதிரே இருந்தது.

போர்டு உறுப்பினர் கைநாட்டு வைத்தால் தெருவுக்குத்தானே கேவலம்? மாதா கோயில் பள்ளிக்கூடத்து ஜெயமேரி டீச்சரிடம் போய் நின்றாள் பாஞ்சாலை. டீச்சர் உடைந்த சாசரில் கரியால் எழுதிக் காட்டினார். மண் சுமந்து காய்த்த விரலுக்கு எழுத்து படியவில்லை. 'லை'க்கு அந்தக் காலத்தில் யானைத் தும்பிக்கை மாதிரி ஒரு சுழி உண்டு, அதற்கு மட்டும் ஒன்பது நாள் ஆயிற்று. பெயர் முழுசாக வந்த அன்று சாசரை அழிக்க மனசில்லாமல் உறியில் ஏற்றி வைத்தாள்.

முதல் கூட்டத்தில் உறுப்பினர்கள் நாற்காலியில் இருந்தார்கள். பாஞ்சாலை கதவோரம் நின்றாள். ராஜாங்கம் சிரித்த முகமாகவே கேட்டார்.

"உனக்கு எதுனா சொல்லணுமா பாஞ்சாலை?"

"கொழாயில இன்னும் ஒரு மணி நேரம் தண்ணி வுடணுங்க. கம்பெனிக்குப் போற பொம்பளைங்களுக்கு எட்ட மாட்டேங்குது."

"எழுதிக்கப்பா சுப்புராயன்," என்றார் தலைவர்.

குமாஸ்தா சுப்புராயன் தீர்மானப் புத்தகத்தைத் திருப்பி வைத்தான். பக்கம் முழுக்க வெள்ளை. அடியில் ஏழு கையெழுத்துகள் இருந்தன. முதலில் கையெழுத்து, சாவகாசமாகத் தீர்மானம். அந்த போர்டின் நடைமுறை அது. மற்றவர்களுக்கு அது பழகிப்போயிருந்தது. பாஞ்சாலைக்கோ, படிக்கத் தெரியாதவளுக்கு, எழுதிய பக்கமும் வெள்ளைப் பக்கமும் ஒன்றுதான். குனிந்து, நாக்கைக் கடித்துக்கொண்டு, தும்பிக்கை வளையும்வரை எழுதினாள். ஏழு பேரும் காத்திருந்தார்கள். தன் கையெழுத்துதான் எல்லாவற்றிலும் பெரிது என்று அவளுக்குப் பெருமையாக இருந்தது.

பதினோராம் நாள் ஃபிட்டர் வந்து குழாயைக் கழற்றி, வாயை அடைத்துவிட்டுப் போனான். சுவரில் ஒரு நோட்டீஸ் ஒட்டினார்கள். பெண்கள் கும்பலாக நின்றார்கள், ஜெயமேரி டீச்சர் படித்தார்.

"மோட்டார் கரண்டுச் செலவு போர்டு வருமானத்துக்கு மிஞ்சிவிட்டபடியாலும், குழாயடிக் கூச்சலால் தெருவின் அமைதி கெடுகிறபடியாலும், தெருக் குழாயை நீக்கி, பணம் கட்டுவோருக்கு வீட்டுக் குழாய் தருவதென்று..."

டீச்சர் சட்டென்று நிறுத்திவிட்டார். பின்னால் நின்ற பாஞ்சாலை எட்டிப் பார்த்தாள். அந்தக் காகிதம் முழுக்க அவளால் படிக்க முடிந்தது ஒரே ஒரு சொல். அது அவள் பெயர்.

"என்னான்னு போட்டுருக்குது டீச்சரு?" என்றாள் ஆராயி.

"பாஞ்சாலை முன்மொழிய, ஏகமனதாக நிறைவேறியது," என்றார் டீச்சர், மெதுவாக.

ஓட்டமும் நடையுமாக மரவாடிக்குப் போனாள் பாஞ்சாலை.

"நான் சொன்னது வேறங்க."

"கையெழுத்து உன்னுதுதான?"

"என்னுதுதாங்க."

"அப்புறம் என்னா? பொம்பளையே கேட்டா எவனும் எதிர்த்துப் பேச மாட்டான்ல."

"எனக்கு இந்த மெம்பரு வேணாங்க. எடுத்துடுங்க."

"எடுத்துடலாம். ராஜினாமா எழுதி, கையெழுத்து போட்டுக் குடு."

அவர் அதை வேடிக்கையாகச் சொல்லவில்லை, விதி அப்படி. பாவி மனிதன், கணக்காகத்தான் செய்திருந்தான். முதல் வீட்டுக் குழாய் அவன் மாடி வீட்டுக்குப் போயிற்று. அடுத்த மாதம் அவன் மகள் கல்யாணத்துக்கு மூன்று நாள் ஒலிபெருக்கி அலறியது. தெரு அமைதியைப் பற்றி யாரும் மூச்சு விடவில்லை.

தண்ணீருக்கு இனி ரயில்வே லைன் தாண்டி, அரை மைல் தள்ளியிருந்த கிணறுதான். அங்கேயும் ஒடிசல் வரிசை தொடங்கியது. முதல் நாள் சாயங்காலம் பாஞ்சாலை போனபோது அவளுடைய ஜாடி மூடி வரிசையில் இல்லை. முள் புதர் ஓரம் கிடந்தது. யாருடைய ஒடிசலையும் யாரும் தொடாத தெரு அது. ஆராயி அவளைப் பார்க்காமலே கயிற்றை இழுத்தாள்.

"மெம்பரம்மாவுக்கு இங்க என்னா வேலை? உங்க கொழாயிக்குப் போங்க."

அந்த 'ங்க'தான் பாஞ்சாலையை அறுத்தது. சண்டை போட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். வெள்ளைப் பக்கத்தில் எழுதிக்கொடுத்தேன் என்று சொல்ல வாய் வரை வந்தது. சொன்னால் யார் நம்புவார்கள்? எல்லாரும் இறைத்துப் போன பிறகு கடைசி ஆளாக இறைத்தாள். மறுநாளும் அப்படித்தான். அப்புறம் அதுவே அவள் இடமாகிப் போனது.

போர்டுக்கு அவள் திரும்பப் போகவில்லை, ராஜினாமாவிலும் கையெழுத்து போடவில்லை. அவள் வராமலேயே தீர்மானங்கள் ஏகமனதாக நிறைவேறின.

1974-ல் செராமிக் கம்பெனிக்குப் புதிதாக வந்த குமாஸ்தா நல்ல மனுஷன். சம்பள நாளில் பேனாவை நீட்டினான்.

"உங்களுக்குக் கையெழுத்து போட வருமாமே. ஜெயமேரி டீச்சர் சொன்னாங்க."

"வராதுங்க," என்று சொல்லிவிட்டு, பாஞ்சாலை இடது கைப் பெருவிரலை மையில் தோய்த்தாள்.