பினாயில் மணத்த சாக்கடை

ஓசூரில் நான் பார்க்கும் வேலையைச் சொன்னால், பெண் வீட்டார் காப்பி டம்ளரைக் கீழே வைத்துவிடுவார்கள். சாக்கடை நீரைப் பாட்டிலில் பிடித்து, ஐஸ் பெட்டியில் வைத்து, பெங்களூர் ஆய்வகத்துக்கு அனுப்புகிறேன். ஊரில் என்ன கிருமி சுற்றுகிறது என்பதை, ஆள் படுக்கையில் விழும் முன்பே சாக்கடை சொல்லிவிடும். மனிதர்கள் சொல்ல மாட்டார்கள். சம்பளத்தில் பிடிப்பார்களே என்று காய்ச்சலோடு ஷிப்டுக்குப் போவார்கள்.

அந்த மழைக்காலத்தில் சிப்காட் பக்கம் மஞ்சள் காமாலை தலைகாட்டியது. தொழிற்சாலைப் பெண்கள் தங்கும் ஒரு விடுதியில் மாதிரி எடுக்கச் சொன்னார்கள். அங்கே வார்டனாக இருந்த அக்காவுக்குச் சொந்த ஊர் சிங்காரப்பேட்டை. அவருடைய மகள் தலைப்பிரசவத்துக்கு வந்து அவரோடே தங்கியிருந்தாள். தண்ணீரில் பரவும் இந்தக் காமாலை மற்றவர்களைப் படுக்க வைக்கும். நிறைமாதக்காரியின் உயிருக்கே உலை வைக்கும். எனக்கு அதுதான் பயம். மறுநாள் வருவதாகப் போனில் சொல்லி வைத்தேன்.

போய் மூடியைத் திறந்தால் பினாயில் வாசனை. என் தொழிலில் நாறவில்லை என்றால்தான் கெட்ட சகுனம்.

"ஆபீசர் வர்றீங்கன்னு நேத்தே கழுவி உட்டுட்டேன் சார். ஒரு மூட்ட ப்ளீச்சிங் பவுடரும் போட்டாச்சு" என்றார் அக்கா.

கோலம் ஒன்றுதான் பாக்கி. அந்தப் பவுடரில் ஒரு கை குடிதண்ணீர்த் தொட்டிக்குப் போயிருந்தால் புண்ணியமாகப் போயிருக்கும். ஆனால் என்னை ஆபீசர் என்று சொன்ன ஒரே ஜீவன் அவர். திட்ட வாய் வரவில்லை. பவுடர் போட்ட நீரில் கிருமி இருந்தாலும் தெரியாது என்று காலிப் பாட்டிலோடு திரும்பினேன்.

அடுத்த வாரம் சொல்லாமல் போய், முதல் ஷிப்ட் பஸ் வருவதற்குள் எடுத்துவிட்டேன். விருந்தாளிக்குப் பழைய சோறு போட்டவரைப் போல அக்கா கூசி நின்றார்.

ஆய்வக முடிவு வந்தது, கிருமி இருந்தது. அக்காவிடம் நேரில் போய்ச் சொன்னேன். தண்ணீரைக் கொதிக்க வைக்காமல் யாருக்கும் தரக்கூடாது, மகளை இன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போக வேண்டும் என்றேன். அந்தக் கிருமி மகளிடமிருந்து வந்ததா என்று கேட்டார். எல்லாருடையதும் கலந்து வருவதால் ஆளைச் சொல்ல முடியாது என்றேன். அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை.

ரத்தப் பரிசோதனையில் மகளுக்கு ஒன்றுமில்லை என்று வந்தது. தகவல் கேட்டதும் எனக்கு உயிர் வந்தது. விடுதிக்குப் போனேன். அக்கா வாசலில் உட்கார்ந்திருந்தார். சந்தோஷமாக இருப்பார் என்று நினைத்துப் போயிருந்தேன்.

"எம் பொண்ணு இல்லன்னா, அது யாரு பெத்த பொண்ணுது சார்?"

ஷிப்ட் முடிந்த பஸ் வந்து நின்றது. அக்கா எழுந்துபோய், இறங்கிய ஒவ்வொருத்தியையும் வெளிச்சத்தில் நிறுத்தி, கண்ணின் கீழிமையை இழுத்து, வெள்ளையில் மஞ்சள் தெரிகிறதா என்று பார்க்க ஆரம்பித்தார்.