எல்லோரும் ஆமென் சொல்லும்வரை

மைசூரில் என்னை எடுத்து வளர்த்த வீட்டில் விளக்கு வைத்ததும் குடும்ப ஜெபம் நடக்கும். அம்மா ஆஸ்பத்திரி நர்ஸ். ஐயா பள்ளிக்கூட வாத்தியார். அவர்களுக்கு மூன்று பிள்ளைகள். நான் ஏழு வயதில் அநாதை விடுதியிலிருந்து வந்தவள். ஐயா ஜெபிக்க ஆரம்பித்தால் ஊரில் ஒருவர் பாக்கி இருக்கமாட்டார். மகாராஜா, பாதிரியார், அம்மாவின் வார்டு நோயாளிகள், பிறகு மூன்று பிள்ளைகளும் பெயர் பெயராக. கடைசியில், "இந்த வீட்டிலுள்ள மற்றவர்களையும் ஆசீர்வதியும்." மற்றவர்கள் என்றால் நானும் கொல்லையில் இருந்த இரண்டு கோழிகளும்தான்.

அவர்கள் என்னை அடித்ததில்லை, பட்டினி போட்டதில்லை. மூத்தவளுக்கு எடுத்த துணியிலேயே எனக்கும் பாவாடை தைத்தார்கள். ஆனாலும் அந்த 'மற்றவர்கள்' வந்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். சுதந்திரம் வந்த வாரமே ஐயாவின் ஜெபத்தில் டெல்லி சர்க்காரும் சேர்ந்துவிட்டது. நேற்று வந்த சர்க்காருக்கு இடமிருக்கிறது, மூன்று வருஷமாக ஜெபத்துக்குப் பாய் விரிக்கும் எனக்கு இல்லையா? ஜெபத்தில் என் பெயரையும் சேர்த்தே தீருவதென்று அன்றைக்கே முடிவு கட்டினேன்.

வேதத்திலிருந்து ஒரு சங்கீதத்தை முழுதாக ஒப்பிக்கும் பிள்ளை சனிக்கிழமை ஜெபத்தை நடத்தலாம். அது வீட்டு வழக்கம். கன்னடப் பள்ளியில் படித்த எனக்கு அந்தத் தமிழ் வாயில் நுழையவில்லை. பாத்திரம் துலக்கும்போதும் குழாயடியிலும் முணுமுணுத்துக்கொண்டே இருந்தேன்.

"யார்கூடடி பேசிக்கிட்டிருக்கே?" என்று அம்மா கேட்டார். நான் பாத்திரத்தை இன்னும் வேகமாகத் தேய்த்தேன்.

அந்தச் சனிக்கிழமை தடுமாறாமல் ஒப்பித்தேன். எல்லோரும் கண்ணை மூடினார்கள். மகாராஜாவிலிருந்து வரிசை மாறாமல் வந்தேன். மூன்று பிள்ளைகளின் பெயரையும் சொன்னேன். பிறகு என் பெயரைச் சொல்லி, "இந்த வீட்டுப் பிள்ளையையும் ஆசீர்வதியும்" என்றேன். ஆமென் என்று முடித்தேன்.

யாரும் ஆமென் சொல்லவில்லை. சின்னவன் சிரித்தான். ஐயா "சும்னிரு" என்று கன்னடத்தில் அவனை அடக்கினார். எல்லோரும் ஆமென் சொன்னால்தான் ஜெபம் முடிந்ததாக அர்த்தம். நான் கண்ணைத் திறக்காமல் மறுபடி மகாராஜாவிலிருந்து ஆரம்பித்தேன். பிற்காலத்தில் பத்திரிகைகள் திருப்பியனுப்பிய கதைகளை முதல் வரியிலிருந்து திரும்ப எழுதிய பிடிவாதமும் இதேதான்.

இரண்டாம் தடவை என் பெயருக்கு வந்தபோது அடுப்பில் குழம்பு அடிபிடிக்கும் வாசனை வந்தது.

"ஆமென்" என்றார் அம்மா. "ஏங்க, நீங்களும் சொல்லுங்க. அவ விடமாட்டா."

ஐயா சொன்னார். பிள்ளைகளும் சொன்னார்கள். அன்று தீய்ந்த குழம்பைத்தான் எல்லோரும் சாப்பிட்டோம்.

மறுநாள் ஐயாவின் முறை. மகாராஜா, பாதிரியார், நோயாளிகள், சர்க்கார், மூன்று பிள்ளைகள். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன். நான்காவதாக என் பெயர் வந்தது. அதற்குப் பிறகும் அவர், "மற்றவர்களையும் ஆசீர்வதியும்" என்றார்.

கோழிகளுக்காக நான்தான் முதலில் ஆமென் சொன்னேன்.