சரசுவின் பச்சை அணுக்களைப் பார்க்கப் போனோம்

கோமுட்டர் மின்சார ரயில் எங்கள் ஊர் கிள்ளானுக்கு வந்த புதிதில், 1996 வாக்கில், நானும் என் மனைவி சரசுவும் கோலாலம்பூர் போய்வந்த கதை இது. ஊர் சுற்றப் போகவில்லை. ரத்தப் புற்றுநோய்க்குச் சிகிச்சை முடிந்து, தேறிவிட்டதாக டாக்டர் சொல்லியும் அவள் நம்பவில்லை. "உள்ள எல்லாம் செத்துப்போச்சுங்க" என்பாள். சாப்பாடு இறங்காது, வெளியே வரமாட்டாள்.

அவளுடைய தங்கை வசந்திக்கு ஆய்வுக்கூடத்தில் வேலை. உயிருள்ள செல்களில் ஒளிரும் சாயம் ஏற்றி, அவை போகும் வழியைப் பின்தொடர்வாள். "அக்காவைக் கூட்டிட்டு வாங்க அத்தான், நான் காட்டுறேன்" என்றாள்.

பத்து மணிக்கு மேல் ரயில் ஏறினோம். கூட்டமில்லை. ஒரு மணி நேரப் பயணம். கோலாலம்பூரில் இறங்கி, பிரிக்பீல்ட்ஸில் இடியாப்பம் வாங்கினேன்; சரசு தொடவில்லை. அங்கிருந்து டாக்சி, கட்டணம் ஐந்து வெள்ளி. அவள் தலையில் கட்டியிருந்த துணியைக் கண்ணாடியில் பார்த்த டிரைவர், "ஆன்டிக்குக் குளிருதா அங்கிள்? ஏர்கோன் குறைக்கட்டா?" என்று கேட்டுவிட்டு, மேடுபள்ளம் பார்த்து ஓட்டினார்.

ஆய்வுக்கூடத்தில் வசந்தி, தன் அக்காவின் விரலில் ஒரு துளி ரத்தம் எடுத்தாள். வெள்ளணுக்களைப் பிரித்துச் சாயம் ஏற்ற நேரமாயிற்று. பிறகு எங்களை இருட்டறைக்கு அழைத்துப் போனாள்.

"இந்தச் சாயம் உயிரோட இருக்கிற செல்லுலதான் பச்சையா எரியும்கா. செத்ததுல நிக்காது."

சரசு நுண்ணோக்கியில் குனிந்தாள்.

"இவ்வளவா?" என்றாள். "வசந்தி, ஒண்ணு ஊர்ந்து போவுதுடி! எங்க போவுது?"

"அதுக்கு வேலை இருக்குலா. உன்னைப் பாத்துக்கணும்ல?"

"என்னைவிடச் சுறுசுறுப்பா இருக்குதே" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனை மாதமாயிற்று! நானும் குனிந்து பார்த்தேன். கண் கலங்கியதில் பச்சை வெளிச்சம்தான் தெரிந்தது.

"போதும், ரொம்ப நேரம் வெளிச்சம் பட்டா அதுங்களுக்கு ஆகாது" என்று வசந்தி நுண்ணோக்கியின் விளக்கை அணைத்தாள். சரசு உடனே நகர்ந்துகொண்டாள், தூங்கும் பிள்ளையை விட்டு எழுவதுபோல.

வெளியே வந்ததும், "ஏங்க, காஜாங் தூரமா? சாத்தே சாப்பிடணும்போல இருக்கு" என்றாள். குச்சியில் குத்திச் சுட்ட அந்த இறைச்சிக்குப் பேர்போன ஊர்; தூரம்தான். போனோம்.

ஆய்வுக்கூடம் சுற்றுலா இடமல்ல. உள்ளே தெரிந்த ஆள் இருந்தால்தான் நுழையலாம். ஆனால் நோயிலிருந்து எழுந்தவரோடு எங்கே கிளம்பினாலும் ஒரு கம்பளிச் சட்டை எடுத்துக்கொள்ளுங்கள். நெரிசல் நேரத்தைத் தவிருங்கள். திரும்பும் நேரத்தை மட்டும் முன்கூட்டியே முடிவு செய்யாதீர்கள். பசி எப்போது திரும்பும் என்று யாருக்கும் தெரியாது.